விரல் பேசுச்சா

மதிய மணி அடித்ததும் தாழ்வரைக் குடியிருப்பின் நாலாயிரத்துச் சொச்சம் பேரும் ஒரே நேரத்தில் கிண்ணத்தில் கூழை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பாசியிலிருந்து வடித்த சாம்பல் நிறக் கூழ். அதற்கு மணமும் கிடையாது, ருசியும் கிடையாது. உடம்புக்கு வேண்டிய எல்லாம் அதில் இருந்தது, மனசுக்கு வேண்டிய எதுவும் இல்லை. அந்தக் குறையை நாப்பொட்டு பார்த்துக்கொண்டது. ஐந்து வயதில் ஒவ்வொருவர் நாக்கின் நடுவிலும் மிளகளவில் பதிக்கப்படும் அந்தக் கருவியிடம் ஓர் எண்ணை முணுமுணுத்தால் போதும். எண் மூன்று என்றால் சாம்பார் சாதம். எண் ஒன்பது மிளகு ரசம். எண் இருபத்தொன்று என்ன பண்டம் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் பிள்ளை பெற்ற பெண்கள் அதை விரும்பிச் சாப்பிட்டார்கள்.

கார்குழலி அன்றைக்கும் "பதினான்கு" என்றாள். முதல் வாய் உள்ளே போனதும் விறகுப் புகையின் கசப்பும் கருகிய கொழுப்பின் இனிப்பும் நாக்கில் படர்ந்தன. மூன்றாவது வாயில், வழக்கம்போல, வலது கைக் கட்டைவிரல் குறுகுறுத்தது. நுனியில் எறும்பு ஊர்வது போல இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். செவ்வாய்க் கிரகத்தில், தரைக்கு நூறு அடி கீழே ஓர் எரிமலைக் குகைக்குள், மனிதனுக்கு இதைவிடப் பெரிய சுகம் கிடையாது என்று எல்லோரையும் போல அவளும் நம்பினாள்.

எண் பதினான்குதான் தாழ்வரையின் தலைச்சுவை. பட்டியலில் அதன் பெயர் 'ஸ்டேக், மரக்குருணைப் புகையடுப்பு' என்றிருக்கும். நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் பூமியில் செல்லத்துரை என்றொருவர் தன் வீட்டுக் கொல்லையில் மாட்டுக்கறித் துண்டு ஒன்றைச் சுட்டுச் சாப்பிட்டார். சாப்பிடும்போது அவர் நாக்கிலும் நரம்பிலும் ஓடியதை எல்லாம் ஒரு கருவி அப்படியே பதிந்துகொண்டது. பிறகு அவரே முதல் குடியேறிகளில் ஒருவராகச் செவ்வாய்க்குக் கிளம்பினார். ஆளுக்கு இவ்வளவுதான் சுமை என்று கறாராக எடை போட்ட காலம் அது. மற்றவர்கள் கையில் வைத்திருந்ததை எல்லாம் பூமியிலேயே போட்டுவிட்டு வந்தார்கள். எதையெதை விட்டுவந்தோம் என்று யாரும் எழுதிக்கூட வைக்கவில்லை. செல்லத்துரை மட்டும் தன் அடுப்பைப் பிரித்து, 'மருத்துவ உலர்த்தி' என்று பொய்ச் சீட்டு ஒட்டி, பெட்டியில் அடைத்து எடுத்து வந்துவிட்டார். விறகே இல்லாத கிரகத்துக்கு விறகடுப்பு. அவரைக் கிறுக்கர் என்பதா, தீர்க்கதரிசி என்பதா என்று இன்றும் வாக்குவாதம் நடக்கிறது. வந்த வருடமே அவர் இறந்துபோனார். பெட்டி அருங்காட்சியகத்துக்குப் போனது.

அவர் பதிவில் மட்டும்தான் அந்த விரல் குறுகுறுப்பு உண்டு. வேறு எந்த எண்ணிலும் கிடையாது. தலைமைச் சுவைஞர் ஞானசுந்தரம் அதைப் பற்றியே நான்கு நூல்கள் எழுதியிருந்தார். நெருப்பின் ஆற்றல் முதலில் நாக்கில் இறங்குகிறது, அங்கிருந்து தோள் வழியாக ஓடி, மனிதனை விலங்கிலிருந்து பிரித்துக் காட்டும் கட்டைவிரலை வந்தடைகிறது என்பது அவர் கொள்கை. அது ஜனங்களின் பேச்சிலும் ஏறிவிட்டது. தாழ்வரையில் யாரும் 'நல்லா இருந்துச்சா' என்று கேட்பதில்லை. 'விரல் பேசுச்சா' என்றுதான் கேட்பார்கள். பெண் பார்த்துவிட்டு வரும் மாப்பிள்ளையிடமும் அதே கேள்விதான்.

கார்குழலிக்கு வேலை சுவைக் காப்பகத்தில். சுவைப் பதிவுகள் பழுதாகாமல் காப்பது அவள் பொறுப்பு. ஆனால் அவள் உயிர் கிடந்தது வடக்குக் குகையில். அங்கே பன்னிரண்டு மாங்கன்றுகள் நின்றன. தாழ்வரையின் முதலும் கடைசியுமான மாமரம் போன வருடம் வேர் அழுகிச் செத்தது. சாவதற்கு முன் காய்த்த பழங்களின் கொட்டைகளை ஊன்றி அவள் எழுப்பிய கன்றுகள் அவை. உயரமானது அவள் தோள் வரை வந்திருந்தது. செம்மண் தூளையும் கழிவு உரத்தையும் கலந்து அவளே மண் செய்திருந்தாள். விளக்கு நேரம் தவறாமல் போட்டு, இலை இலையாகத் துடைத்து வளர்த்தாள். பிள்ளை இல்லாதவள் இப்படித்தான் என்று சிலர் பேசினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குடியிருப்பு மன்றத்துக்கு வடக்குக் குகை வேண்டியிருந்தது. இன்னொரு பாசித் தொட்டி கட்ட வேண்டும். மரத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு காற்றைப் பாசி தரும் என்று கணக்குக் காட்டினார்கள். "மரத்தால என்ன பிரயோசனம்னு சொல்லுங்கம்மா, கேட்டுக்கறோம்" என்று மன்றத் தலைவி மரியாதையாகத்தான் கேட்டாள்.

கார்குழலி யோசித்துப் பார்த்தாள். அழகு என்று சொன்னால் சிரிப்பார்கள். நிழல் என்று சொன்னால், வெயிலே இல்லாத இடத்தில் நிழல் எதற்கு என்பார்கள். வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"விறகு தரும்."

"விறகு எதுக்கு?"

"நிஜப் பதினான்கு செய்யறதுக்கு."

மன்றத்தின் பின்வரிசையில் ஒருவர் எழுந்தேவிட்டார்.

தீர்மானம் அன்றே எழுதப்பட்டது. செத்த மாமரத்தின் கட்டையைக் கொண்டு கார்குழலி செல்லத்துரையின் அடுப்பில் ஒரு ஸ்டேக் சுட்டுக் காட்ட வேண்டும். மன்றத் தலைவி உட்படச் சுவைஞர்கள் முப்பது பேர் சாப்பிடுவார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் விரல் பேசினால் வடக்குக் குகை தோப்பாகும். இல்லையென்றால் பன்னிரண்டு கன்றுகளும் அரைபட்டுக் கூழோடு சேரும். ஒருமுறை தவறினால் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதற்கு மேல் கிடையாது.

விஷயத்தைக் கேட்டதும் பதறியவர் மாசிலாமணிதான். அவர் தாழ்வரையின் புகைக் காவலர். காற்றில் மாசு இல்லாமல் பார்த்துக்கொள்ளும் உத்தியோகத்துக்கு என்றே பெற்றவர்கள் பெயர் வைத்தது போல அமைந்துவிட்டது. மூடிய குகைக்குள் ஒரு பொறி விழுந்தால் நாலாயிரம் பேரும் மூச்சு முட்டிச் சாக வேண்டியதுதான் என்பதால், நாற்பது வருடமாக அவர் சரியாகத் தூங்கியதே இல்லை.

"ஏம்மா குழலி, ஒரு பொறி பறந்துடக் கூடாதுன்னுதான் எனக்கு இந்த வேலையே குடுத்திருக்காங்க. என்னையே பக்கத்துல நின்னு பத்தவைக்கச் சொல்றியே" என்றார்.

"பத்தவைக்கிறது அடுப்பு பாத்துக்கும்ணே. நீங்க நின்னாப் போதும்."

"நெருப்பு எப்படி இருக்கும்னு பாத்திருக்கியா?"

"படத்துலதான்."

"நானும் படத்துலதான் பாத்திருக்கேன். அந்தப் படத்துல எல்லாரும் ஓடிக்கிட்டிருந்தாங்க."

என்றாலும் அவர் வந்தார். குகை வாயிலில் ஒரு பழைய காற்றடைப்பு அறை சும்மா கிடந்தது. அதற்கு இரட்டைக் கதவும் புகைபோக்கியும் வைத்து, வடிகட்டிகளைப் பொருத்தி, நுரை உருளை நான்கைச் சுவரோரம் நிறுத்தினார். கார்குழலி செத்த மரத்தை அறுத்துத் தூளாக்கினாள். அந்தத் தூளை மருந்தகத்தின் மாத்திரை அச்சில் சூட்டோடு அழுத்தினாள். சுண்டுவிரல் நகத்தளவில் பழுப்பு நிறக் குருணைகள் உதிர்ந்தன. மரத்துக்குள் இருக்கும் பிசினே சூட்டில் இளகி அவற்றை ஒட்டிப் பிடித்துக்கொண்டது. மொத்தம் பதினோரு கிலோ தேறியது, இரண்டு முறை அடுப்பு எரிக்கப் போதும். மருத்துவக்கூடத்தில் தோல் வளர்க்கும் தொட்டியில் மாட்டுத் தசையின் அணுக்களை விதைத்து நாற்பது நாள் காத்திருந்தார்கள். இரண்டு விரல் கனத்தில், வெள்ளை நரம்போட்டம் போலக் கொழுப்புப் படர்ந்த வளர்தசைத் துண்டுகள் கிடைத்தன.

செல்லத்துரையின் பெட்டியைத் திறந்தபோது அடுப்பின் பாகங்களும், செய்முறைக் கையேடும், கூடவே ஒரு கறுப்புக் கண்ணாடிப் பலகையும் இருந்தன. உள்ளங்கைக்கு அடங்கும் பலகை. அருங்காட்சியகச் சீட்டில் 'கொழுப்புக் கறை படிந்த சிறு பலகை. வெண்ணெய் தடவப் பயன்பட்டிருக்கலாம்' என்று எழுதியிருந்தது. கார்குழலி அதை ஓரமாக எடுத்து வைத்தாள். வெண்ணெய் என்றால் என்னவென்றே அவளுக்குச் சரியாகத் தெரியாது.

அந்த நாள் வந்தது. காற்றடைப்பு அறையில் முப்பது சுவைஞர்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். நடுவில் அடுப்பு நான்கு காலில் நின்றது. கார்குழலி குருணைப் பெட்டியை நிரப்பிப் பொத்தானைத் திருகினாள். உள்ளே ஒரு திருகுத்தண்டு சுழன்று, குருணைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக் கிண்ணத்துக்குத் தள்ளும் சத்தம் கேட்டது. அடியில் ஒரு கம்பி சூடேறிச் சிவக்க வேண்டும் என்று கையேடு சொன்னது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு மூடியின் இடுக்கிலிருந்து ஒரு வெள்ளை நூல் கிளம்பியது.

அந்த நூல் தடித்தது, சுருண்டது, இன்னொன்றாகப் பிரிந்தது. மாசிலாமணியின் கை நுரை உருளையில் இருந்தது. ஆனால் அவர் அதை மறந்துவிட்டார். வாழ்நாள் முழுக்க எதற்குக் காவல் இருந்தாரோ அதை அவர் முதன்முதலாகப் பார்த்தார். அது இவ்வளவு மெதுவாக, இவ்வளவு சாதுவாக வரும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மணம் வந்து சேர்ந்தபோது வட்டத்தில் ஒரு பெண் விசும்பினாள். கண் எரிந்ததாலா, வேறு எதனாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

கார்குழலி மூடியைத் திறந்தாள். கிண்ணத்துக்குள் நெருப்பு இருந்தது. பூமியில் அது துள்ளும் என்பார்கள். செவ்வாயின் இழுப்பு குறைவு என்பதால் இங்கே அது துள்ளவில்லை. உருண்டு திரண்டு, தயங்கித் தயங்கி எழுந்து, நுனியில் பொன்னாகி, இல்லாமல் போனது. போன இடத்தில் உடனே இன்னொன்று எழுந்தது. செத்த மரத்துக்குள் அறுபது வருடமாக யாருக்கும் தெரியாமல் இதுவா உட்கார்ந்திருந்தது என்று அவளுக்குத் தோன்றியது. தண்ணீர் ஊற்றியபோதும், இலை துடைத்தபோதும் அவள் அருகே இது இருந்திருக்கிறது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கை கூப்ப வேண்டும் போல இருந்தது. கையில் இடுக்கி இருந்ததால் கூப்பவில்லை.

உப்பு தடவிய துண்டுகளை மூடிக்குள் மெல்லிய புகையில் ஒரு மணி நேரம் வைத்தாள். பிறகு சூட்டை ஏற்றி, ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று கருக விட்டாள். கொழுப்பு சொட்டிய இடங்களில் சீறல் கேட்டது. இறக்கியதும் கையேட்டைப் பார்த்தாள். 'இறைச்சியைப் பத்து நிமிடம் ஓய்வெடுக்க விடவும்' என்றிருந்தது. அதைச் சத்தமாகப் படித்தாள்.

மாசிலாமணி உடனே விளக்கைத் தணித்தார். "யாரும் சத்தம் போடாதீங்க. பாவம், அசந்திருக்கும்" என்று கிசுகிசுத்தார். முப்பது பேரும் பத்து நிமிடம் அசையாமல், கறித்துண்டுகள் நிம்மதியாக ஓய்வெடுக்கும்படி, இருட்டில் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்தில் மற்றவர் முகத்தின் வெளிச்சம் அடிப்பது போல இருந்தது. பத்து நிமிடம் முடிந்தபின்னும் யாரும் எழ விரும்பவில்லை.

சாப்பிடுவதற்கு முன் எல்லோரும் நாப்பொட்டுக்குச் "சுழியம்" என்று சொல்லி அதை அணைத்தார்கள். பிறகு கடித்தார்கள். கடிப்பதே அவர்களுக்குப் புதிது. கூழுக்குப் பல் தேவைப்பட்டதில்லை. வெளிப்புறத்தின் மொறுமொறுப்பு உடைந்தது, உள்ளே சூடான சாறு பொங்கியது, தாடை வலித்தது. எண் பதினான்கு வெறும் நிழல் என்று கார்குழலி அப்போதே புரிந்துகொண்டாள். இது கனமாக இருந்தது. ஒரு வாய் போல அடுத்த வாய் இல்லை. ஓரத்தில் ஒரு ருசி, நடுவில் ஒன்று, கொழுப்பில் இன்னொன்று. சிலர் அழுதார்கள். ஒருவர் எலும்பே இல்லாத துண்டில் எலும்பைத் தேடினார். அவரை அப்படித் தேட வைத்தது எதுவென்று அவராலேயே சொல்ல முடியவில்லை.

ஞானசுந்தரம் மட்டும் வலது கையை நீட்டி, கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு துண்டு சாப்பிட்டார், பார்த்தார். இன்னொரு துண்டு சாப்பிட்டார், பார்த்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தங்கள் விரலைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"என்ன ஐயா?" என்றாள் கார்குழலி.

"ருசி இருக்கும்மா. இப்படி ஒரு ருசி இருக்கும்னு நான் கனாக்கூட கண்டதில்ல." அவர் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. "ஆனா விரல் பேசல."

முப்பது பேரில் ஒருவருக்குக்கூடப் பேசவில்லை.

"இது நல்ல சாப்பாடு. அதுல சந்தேகமில்ல. ஆனா இது பதினான்கு இல்ல" என்று தீர்ப்பு எழுதினார் ஞானசுந்தரம். மறுநாள் விட்டு மறுநாள் இரண்டாவது வாய்ப்பு.

அன்று சாயங்காலம் கார்குழலி வடக்குக் குகைக்குப் போய்க் கன்றுகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். தோள் உயரக் கன்றில் அன்றுதான் தாமிர நிறத்தில் ஒரு கொழுந்து விட்டிருந்தது. அதை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். எங்கே தவறினோம்? உப்பா, சூடா, புகையா? செல்லத்துரையிடம் இருந்து நம்மிடம் இல்லாதது எது?

மறுநாள் காலையில் காப்பகத்துக்குப் போய் எண் பதினான்கின் மூலப்பதிவைத் திறந்தாள். நாக்கின் வரிகளை அவள் நூறு முறை பார்த்திருக்கிறாள். கை, கழுத்து, கண் ஆகியவற்றின் வரிகளை யாருமே பார்த்ததில்லை. விரல் பேசுவது நாக்கிலிருந்துதான் என்று ஞானசுந்தரம் எழுதிவிட்ட பிறகு எதற்குப் பார்ப்பார்கள்?

கட்டைவிரலின் வரி ஓர் ஒழுங்கோடு ஓடியது. நான்கு விநாடிக்கு ஒருமுறை விரல் கீழிருந்து மேலே எதையோ தள்ளியிருந்தது. சாப்பிட்டு முடிக்கும்வரை இருநூற்றுப் பன்னிரண்டு முறை. கழுத்து குனிந்தே இருந்தது. கண்கள் மடிப்பக்கம் தாழ்ந்திருந்தன. தட்டை நோக்கி ஏழு முறை போயிருந்தன, நெருப்பை நோக்கி ஒருமுறைகூட இல்லை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சின்னத் தவிப்பு விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்கிற தவிப்பு. நூற்றெண்பது வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு அவர்கள் அனுபவித்தது அதைத்தான்.

அவள் எழுந்து காற்றடைப்பு அறைக்கு ஓடினாள். ஓரமாக வைத்த கண்ணாடிப் பலகையை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தாள். காற்றில்லாப் பெட்டிக்குள் இருந்ததால் கறை அப்படியே இருந்தது. வெண்ணெய் தடவிய கறை போல அது பலகை முழுக்கப் பரவியிருக்கவில்லை. ஒரு கட்டைவிரல் அகலத்தில், கீழிருந்து மேலாக, ஒரே பாதை. அவள் தன் விரலை அதன் மேல் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

மாசிலாமணி வடிகட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப அந்த மனுசன் சாப்பாட்டையே பாக்கலயா?"

"பாக்கலண்ணே. இதைப் பாத்துக்கிட்டே சாப்பிட்டிருக்காரு."

அவர் பலகையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம்தான் அதில் தெரிந்தது. "இதுல அப்படி என்ன இருந்துச்சு?"

"தெரியல. ஆனா நெருப்பைவிடப் பெருசா ஏதோ இருந்திருக்கணும்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தக் கறுப்புப் பலகையைப் பயபக்தியோடு பார்த்தார்கள். நெருப்பை எதிரே வைத்துக்கொண்டு ஒரு மனிதன் கண்ணெடுக்காமல் பார்க்கும்படி அதற்குள் என்ன அதிசயம் நடந்திருக்கும் என்று அவர்களால் ஊகிக்கவே முடியவில்லை.

"பேசாம நாளைக்கு ஆளுக்கொரு பலகையக் கையில குடுத்துரும்மா. காரணத்த யாரு கேக்கப் போறா" என்றார் மாசிலாமணி.

"வேண்டாம்ணே. பொய்ய ஊத்தி அந்தக் கன்னுங்கள வளத்தா, நாளைக்கு அதுங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்."

அவள் நேரே ஞானசுந்தரத்திடம் போனாள். வரிகளைக் காட்டினாள், பலகையைக் காட்டினாள், மனம் திறந்து சொன்னாள். விரல் பேசுவது நெருப்பின் ஆற்றல் இல்லை, ஒரு மனிதர் சாப்பாட்டில் கவனம் இல்லாமல் இருந்ததன் தடம் என்றாள். நாம்தான் நேற்று நிஜமாகச் சாப்பிட்டோம், அவர் சாப்பிடவில்லை என்றாள். நான்கு நூல் எழுதிய மனிதர் இடிந்துபோவார் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

ஞானசுந்தரம் பொறுமையாகக் கேட்டார். பிறகு மூடி வைத்திருந்த மிச்சத் துண்டிலிருந்து ஒரு வாய் எடுத்து வைத்துக்கொண்டு, பலகையை வலது கையில் ஏந்தினார். கழுத்தைக் குனிந்து, கண்ணைத் தாழ்த்தி, கட்டைவிரலால் கீழிருந்து மேலே ஒருமுறை தள்ளினார். இன்னொரு முறை தள்ளினார். மென்றார். வாழ்நாள் முழுக்கப் பழகிய உடம்பு தன் பழைய பாதையைக் கண்டுபிடித்துக்கொண்டது. அவர் கண்களில் நீர் கோத்தது.

"பேசுதும்மா" என்றார்.

"ஐயா, நான் சொன்னது…"

"நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. அவரு இப்படித்தான் சாப்பிட்டிருக்காரு. நாமதான் இத்தன நாளும் பாத்திரம் இல்லாம சாப்பிட்டிருக்கோம்."

"அவரு கவனிக்காம சாப்பிட்டாருன்னு சொல்றேங்கய்யா."

"அதுதாம்மா முறை" என்றார் ஞானசுந்தரம் பரவசத்தோடு. அன்றே ஐந்தாம் நூலைத் தொடங்கிவிட்டார்.

குகைப் பாறையிலேயே கறுப்புச் சில்லுகள் வெட்டி, கண்ணாடி போல இழைத்து, உள்ளங்கை அளவில் முப்பது பலகைகள் செய்யப்பட்டன. மன்றம் மறுப்பே சொல்லவில்லை. கார்குழலிக்குப் பேசிப் பேசி வாய் ஓய்ந்துவிட்டது. உண்மையை அவள் மறைக்கவில்லை. அதை அவர்கள் இப்படி எடுத்துக்கொண்டால் அவள் என்ன செய்ய முடியும்? கன்றுகள் பிழைத்தால் சரி என்று இடுக்கியைக் கையில் எடுத்தாள்.

இரண்டாம் நாள் அடுப்பு முதல் நாளைவிட நன்றாக எரிந்தது. காய்ந்திருந்த குருணைகள் சட்டென்று பற்றின. புகையில் ஊறிய துண்டுகளைக் கருக விடுவதற்காக அவள் மூடியைத் திறந்தபோது, கொழுப்பு நான்கு இடத்தில் ஒன்றாகச் சொட்டியது. நெருப்பு எழுந்தது. அவள் இடுப்புயரம், அப்புறம் தலையுயரம். செவ்வாயின் இழுப்பில் அது அவசரப்படாமல், மடிப்பு மடிப்பாக, மரக்கிளை விரிவது போலக் கிளை விட்டுக்கொண்டே மேலே போனது. அடியில் நீலம், நடுவில் செம்பொன், உச்சியில் நிறமே இல்லாத ஒரு நடுக்கம். கன்றில் பார்த்த கொழுந்தின் தாமிர நிறமும் அதில் இருந்தது. அறையின் கற்சுவர் முழுக்கப் பொன் பூசியது போல ஆனது. யுகயுகமாக இருட்டில் கிடந்த அந்தக் கல், இவ்வளவு வெளிச்சத்தை அன்றுதான் கண்டது. மாசிலாமணி நுரை உருளையைத் தூக்கவில்லை. வாய் திறந்தபடி நின்றார். அவர் காவலர், பார்க்க வேண்டியது அவர் கடமை.

விளக்கைத் தணித்து, கையேட்டின்படி பத்து நிமிடம் கழித்துத் துண்டுகளைப் பரிமாறினார்கள். அடுப்பில் மிச்சக் குருணைகள் எரிந்துகொண்டிருந்தன. முப்பது பேரும் இடது கையால் எடுத்து வாயில் போட்டார்கள். முப்பது கழுத்துகள் குனிந்தன. முப்பது கட்டைவிரல்கள் கறுப்புக் கல்லின் மேல் கீழிருந்து மேலாக நகர்ந்தன. கல்லில் ஒன்றும் இல்லை. என்றாலும் அடுத்த தள்ளலில் ஏதாவது வந்துவிடும் என்பது போல அவர்கள் அதையே பார்த்தார்கள்.

முதலில் ஞானசுந்தரம் கையை உயர்த்தினார். பிறகு மற்றவர்கள். எண்ணத் தேவையே இருக்கவில்லை. முப்பது பேருக்கும் விரல் பேசியது. மன்றத் தலைவி எழுந்து வந்து கார்குழலியின் தோளைத் தொட்டு, வடக்குக் குகை இனி தோப்பு என்றும், மாதம் ஒருமுறை அடுப்பு எரிய வேண்டும் என்பதால் பன்னிரண்டு கன்று போதாது, நூறு வேண்டும் என்றும் சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் பலகைக்குத் திரும்பினாள்.

கார்குழலி இடுக்கியைக் கீழே வைத்தாள். தாமிரக் கொழுந்து பிழைத்துவிட்டது. அவள் ஒரு துண்டை எடுத்து, நெருப்பைப் பார்த்தபடி மென்றாள். அப்போது கிண்ணத்தின் அடியில் கடைசிக் குருணைகள் சரிந்தன. பொறிகள் கிளம்பின. பத்து, நூறு, எண்ண முடியாத பொறிகள், இருட்டில் மெல்ல மெல்ல ஏறி, கூரையைத் தொடாமல், வானத்தையே கண்டிராத அந்த ஜனங்களின் தலைக்கு மேல் நட்சத்திரங்களாக நின்றன. அவளுக்கு அழுகை வந்தது. இதைத் தனியாகப் பார்க்க முடியாது, யாரிடமாவது காட்டியே ஆக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

"இங்க பாருங்களேன், மேல பாருங்க" என்றாள்.

"ம்" என்றார்கள் முப்பது பேரும், தலையை நிமிர்த்தாமல்.